மலையில் தங்கும் நீர்

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் பனியை அளக்கப் போகிறவர்கள் ஓர் உலோகக் குழாயைத் தூக்கிக்கொண்டு போவார்கள். துண்டு துண்டாகத் திருகி அதை வேண்டிய நீளத்துக்கு ஆக்கிக்கொள்ளலாம். அடிமுனையில் ரம்பப் பற்கள் இருக்கும். குழாயின் உள்விட்டம் 1.485 அங்குலம். ஒன்றரை அங்குலம் என்று முழுதாக வைக்காமல் இப்படி ஓர் அளவை வைத்ததற்குக் காரணம் உண்டு. அந்தக் குழாய்க்குள் ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அதன் எடை ஓர் அவுன்ஸ். பனிக்குள் குழாயைத் தரை தட்டும்வரை இறக்கி, உள்ளே சிக்கிய பனியோடு உருவி எடுத்து, தராசில் தொங்கவிட்டு, வெறுங்குழாயின் எடையைக் கழிப்பார்கள். மீதி இருபது அவுன்ஸ் என்றால், அந்த இடத்தில் இருபது அங்குலத் தண்ணீர் பனியாக நிற்கிறது என்று பொருள். உருக்கிப் பார்க்க வேண்டியதில்லை, தாளில் கணக்குப் போடவும் வேண்டியதில்லை. கைவிரல் விறைக்கும் குளிரில் வேலை செய்கிறவர்களுக்காக யாரோ மிகுந்த அக்கறையோடு யோசித்துச் செய்த கருவி அது.

இப்படிக் கிடைக்கும் அளவை நீர்ச்சமன் என்று சொல்லலாம். மலைப்பனியைப் பற்றி ஒரே ஓர் எண்ணைத்தான் கேட்டறிய முடியும் என்றால், இதைத்தான் கேட்க வேண்டும். ஆழம் கண்ணுக்குத் தெரியும், படத்தில் அழகாக இருக்கும். ஆனால் ஆழத்தை நம்பி ஒரு முடிவும் எடுக்க முடியாது. பொரியைப் படியால் அளந்துவிட்டு அத்தனை படி அரிசி இருக்கிறது என்று சொல்வதற்கு ஒப்பானது அது. கடுங்குளிரில் புதிதாக விழுந்த பனி ஒரு மீட்டர் ஆழம் இருந்தால் அதில் ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் தண்ணீர்தான் இருக்கும். மீதியெல்லாம் காற்று. அதே ஒரு மீட்டர் ஏப்ரல் மாதத்துப் பழம்பனியாக இருந்தால் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் தண்ணீர் தரும். 2023 ஏப்ரல் தொடக்கத்தில், டாஹோ ஏரிக்குத் தெற்கே பிலிப்ஸ் ஸ்டேஷன் என்ற இடத்தில் கலிபோர்னியா நீர்வளத் துறையினர் அளந்தபோது பனியின் ஆழம் 126.5 அங்குலம், நீர்ச்சமன் 54 அங்குலம். அதாவது ஒவ்வொரு சதுர மீட்டர் தரையின் மீதும் ஏறத்தாழ 1.4 டன் தண்ணீர், அசையாமல், அணையும் சுவரும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது.

அங்கே ஸ்னோபேக் என்கிறார்களே, அது இதுதான். தமிழில் பனிப்பொதி என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் பெய்த பனியை மட்டும் அந்தப் பெயரால் அழைப்பதில்லை. நவம்பர் வாக்கில் தொடங்கி ஒவ்வொரு புயலும் கொண்டுவந்து கொட்டியது முந்தையதன் மேல் படிந்து, அழுந்தி, உருகும் காலம் வரும்வரை தரையில் நிற்கிறதே, அந்த மொத்தப் படிவுக்குத்தான் அந்தப் பெயர். இது பனியாறும் அல்ல. பனியாற்றில் பல ஆண்டுகளின் பனி ஒன்றாகக் கெட்டிப்பட்டுப் பாளமாகி, தன் எடையாலேயே மெல்ல நகரும். பனிப்பொதிக்கு ஆயுள் ஒரு பருவம்தான். இமயமலை பற்றி நம் நாளிதழ்களில் வரும் செய்திகளில் இவ்விரண்டும் அடிக்கடி குழம்பிவிடுகின்றன. மலையிலிருந்து வரும் உருகுநீர் முழுவதையும் பனியாறுகளின் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள். ஆண்டுதோறும் விழுந்து ஆண்டுதோறும் கரையும் பருவப்பனியின் பங்கு அதில் காணாமல் போகிறது.

விழுந்த பனி விழுந்தபடியே கிடப்பதில்லை. ஆறு கரங்கள் விரித்த படிகம் தரையைத் தொட்ட நேரத்திலிருந்தே மாறத் தொடங்குகிறது. கூர்முனைகளிலிருந்து நீராவி கிளம்பிக் குழிவான இடங்களில் போய் ஒட்டும். கரங்கள் மழுங்கும், படிகம் உருண்டையாகும். ஒன்றையொன்று தொடும் மணிகளுக்கு இடையே பனிக்கட்டிப் பாலங்கள் வளர்ந்து, தளர்ந்து கிடந்த பனி இறுகும். மேலே விழும் புதுப்பனியின் எடை அதை இன்னும் அழுத்தும். சியராவில் புயல்கள் பசிபிக் கடலிலிருந்து நேராக ஏறி வருகின்றன. வெப்பநிலை உறைநிலையை ஒட்டியே இருக்கும். அதனால் அங்கே பனி விழும்போதே ஈரமும் கனமுமாக விழுகிறது. உள்ளூர்ப் பனிச்சறுக்கர்கள் அதற்கு வைத்த பெயர் சியரா சிமென்ட்.

கடலிலிருந்து தொலைவில், கொலராடோ போன்ற உலர்ந்த குளிர்மலைகளில் கதை வேறு. அங்கே பொதியின் மேற்பரப்பு கடுமையாகக் குளிர்ந்திருக்கும். அடியில் தரையை ஒட்டிய இடம் மட்டும் பூமியின் வெப்பத்தால் பூஜ்யம் டிகிரிக்கு அருகிலேயே இருக்கும். இந்த வேறுபாட்டால் நீராவி கீழிருந்து மேலே நகர்ந்துகொண்டே இருக்கும். அடியடுக்கில் சர்க்கரைத் துகள் அளவுக்குப் பெரிய படிகங்கள் வளரும், ஆனால் ஒன்றோடொன்று ஒட்டாது. அதன்மேல் கனத்த அடுக்கு ஒன்று வந்து அமர்ந்தால், அந்த உதிரித்தளம் நழுவி முழுச்சரிவும் இறங்கிவிடும். பனிச்சரிவுகளில் பலவற்றின் விதை குளிர்காலத் தொடக்கத்திலேயே அடியில் விதைக்கப்பட்டுவிடுகிறது. அதே அடித்தளம் சிற்றெலிகளுக்கு உயிர்காக்கும் இடமாகவும் இருக்கிறது. வெளியே மைனஸ் இருபது என்றாலும், காற்றைப் பிடித்துவைத்த பனி குளிரை உள்ளே விடாது. தரைக்கும் பனிக்கும் இடையே உள்ள மெல்லிய இடைவெளியில் அவை குளிர்காலம் முழுவதும் ஓடியாடித் திரிகின்றன.

பனியை எடைபோடும் முறையைச் சியராவில் வேரூன்றச் செய்தவர் ஒரு லத்தீன் பேராசிரியர். ஜேம்ஸ் எட்வர்ட் சர்ச், ரீனோ நகரில் உள்ள நெவாடா பல்கலைக்கழகத்தில் செவ்வியல் இலக்கியம் கற்பித்தவர். 1895-இல் ஒரு குளிர்காலத்தில் ரோஸ் மலையின் சிகரத்தில் ஏறினார். 3,285 மீட்டர் உயரம். அதன்பிறகு அந்த மலை அவரை விடவில்லை. 1905-06 வாக்கில் சிகரத்தில் ஒரு வானிலை நிலையம் அமைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் ரோஸ் மலைக் குழாய் என்று பின்னாளில் பெயர் பெற்ற அளவைக் குழாயை உருவாக்கினார். மேலே சொன்ன குழாய் அதன் வழிவந்ததுதான்.

அப்போது டாஹோ ஏரியில் ஒரு தகராறு நடந்துகொண்டிருந்தது. ஏரியின் வாயில் மதகு. நீரைத் தேக்கிவைத்துத் தேவைப்படும்போது விட வேண்டும் என்பது மின்நிறுவனமும் கீழ்ப்பாசனக்காரர்களும் சொன்னது. தேக்கினால் வேனிலில் ஏரி பொங்கி எங்கள் நிலத்தை அரித்துவிடும் என்பது கரைவாசிகள் சொன்னது. மலையில் எவ்வளவு நீர் காத்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாததால் இரு பக்கத்து அச்சமும் நியாயமாகவே இருந்தது. சர்ச் பனியை எடைபோட்டு, அந்த வேனிலில் ஏரி எவ்வளவு உயரும் என்று முன்கூட்டியே சொன்னார். அதைக்கொண்டு மதகை இயக்க முடிந்தது.

அவருடைய முறையின் அருமை அதன் எளிமையில் இருக்கிறது. ஒரு மலைத்தொடரின் பனி முழுவதையும் யாராலும் அளந்துவிட முடியாது. வடக்குச் சரிவில் இடுப்பளவு, தெற்குச் சரிவில் கணுக்காலளவு. மரத்தடியில் ஓர் அளவு, வெட்டவெளியில் ஓர் அளவு. காற்று ஓரிடத்தில் வழித்தெடுத்து இன்னோரிடத்தில் குவிக்கும். சர்ச் முழு அளவைத் தேடிப் போகவில்லை. குறித்துவைத்த அதே இடங்களில் ஒவ்வோர் ஆண்டும் அதே தேதியில் அளந்தார். இந்த ஆண்டு வழக்கமான அளவில் எத்தனை விழுக்காடு என்று மட்டும் பார்த்தார். பனி வழக்கத்தில் எழுபது விழுக்காடு என்றால் ஆற்றிலும் ஏறத்தாழ அந்த விகிதத்தில் நீர் வரும் என்பது அவர் கண்டது. 1929-இல் கலிபோர்னியா சட்டம் இயற்றி மாநிலம் முழுவதற்கும் இந்த அளவீட்டை விரித்தது. அன்றுமுதல் அதே புல்வெளிகள், அதே குறிகள்.

இன்றும் செய்திகளில் வரும் விழுக்காடு அவர் காட்டிய வழியில் வந்தது. அதைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எதில் விழுக்காடு? சியராவில் பனிப்பொதி சராசரியாக உச்சம் தொடும் நாள் ஏப்ரல் 1. அதனால் அதுவே அளவுகோல். ஜனவரி முதல் வாரத்தில் 150 விழுக்காடு என்றால், அந்த நாளுக்கு உரிய சராசரியில் ஒன்றரை மடங்கு என்றுதான் பொருள். ஏப்ரல் சராசரியோடு ஒப்பிட்டால் அது பாதிதான். 2021 டிசம்பரில் டானர் கணவாய் அருகே உள்ள மத்திய சியரா பனி ஆய்வகத்தில் அந்த ஒரே மாதத்தில் 200 அங்குலத்துக்கு மேல் பனி விழுந்தது. டிசம்பர் மாதத்துக்கு அது புதிய உச்சம். வறட்சி தீர்ந்தது என்று பலர் மகிழ்ந்தார்கள். அடுத்த மூன்று மாதமும் வானம் பெரிதாகத் திறக்கவில்லை. 2022 ஏப்ரல் 1 அன்று மாநிலப் பனிப்பொதி சராசரியில் 38 விழுக்காடாகச் சுருங்கியிருந்தது.

கலிபோர்னியாவுக்கு இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், அந்த மாநிலத்தின் மழை நாள்காட்டி அப்படி. ஆண்டின் மழையிலும் பனியிலும் முக்கால் பங்கு நவம்பர் முதல் மார்ச் வரை வந்துவிடும். கோடையில் மாதக்கணக்கில் ஒரு துளி விழாது. பாதாமும் தக்காளியும் திராட்சையும் நீர் கேட்பதோ அந்தக் கோடையில். நடுவில் உள்ள இடைவெளியைப் பெருமளவு பனிதான் நிரப்புகிறது. மாநிலத்தின் நீர்த்தேவையில் சராசரியாக 30 விழுக்காடு அதிலிருந்து வருகிறது. நீரைத் தருவது வானம். பனிப்பொதி தருவது தாமதம். ஜனவரியில் விழுந்ததை ஜூன்வரை மலை வைத்திருந்து கொடுக்கிறது. எனக்கு இதில் மிகவும் வியப்பூட்டுவது அந்தத் தாமதம்தான். அதன் இயற்பியல் கொஞ்சம் விரிவாகப் பார்க்கத் தக்கது.

வெயில் அடித்ததும் பனி உருகி ஓடிவிடுவதில்லை. முதலில் பொதி முழுவதும், மேலிருந்து அடிவரை, பூஜ்யம் டிகிரிக்கு வந்து சேர வேண்டும். பகலில் மேலே உருகும் நீர் உள்ளே இறங்கி, குளிர்ந்த அடுக்கைத் தொட்டதும் மறுபடி உறையும். உறையும்போது அது விடும் வெப்பம் அந்த அடுக்கைச் சூடாக்கும். நாள்கணக்கில் இது நடந்து, எங்கும் ஒரே வெப்பநிலை வந்தபிறகும், மணிகளுக்கு இடையே உள்ள துளைகள் கொஞ்சம் நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அவையும் நிரம்பினால்தான் பொதி பழுத்துவிட்டது என்கிறார்கள். அதன்பிறகு மேலே உருகும் நீர் அடியில் வெளியேறத் தொடங்கும்.

அதற்குப் பிறகும் வேகம் குறைவுதான். பூஜ்யம் டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ பனியை அதே வெப்பநிலையில் நீராக்க 334 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு கிலோ குளிர்நீரை எண்பது டிகிரி வரை சூடாக்கப் போதுமான ஆற்றல் அது. அதைத் தர வேண்டிய சூரிய ஒளியையோ புதுப்பனி எண்பது முதல் தொண்ணூறு விழுக்காடு வரை திருப்பி அனுப்பிவிடுகிறது. பழம்பனி மங்கி, ஏறத்தாழ பாதி ஒளியை உள்ளே விடும். அப்போதுதான் உருகல் வேகம் பிடிக்கும். மேலே தூசு படிந்தால் இன்னும் சீக்கிரம். கொலராடோ மலைகளில் பாலைநிலத் தூசு வசந்தகாலத்தில் வந்து படியும் ஆண்டுகளில் பனி வாரக்கணக்கில் முந்தித் தீர்ந்துவிடுவதை அளந்திருக்கிறார்கள். சியராவின் உயர்சரிவுகளில் கோடையில் பனி இளஞ்சிவப்பாகத் தெரியும். பனியிலேயே வாழும் நுண்பாசியின் நிறம் அது; அதுவும் ஒளியை உறிஞ்சி உருகலைத் தூண்டும்.

இவ்வளவு தடைகளையும் தாண்டி வரும் நீர் ஆற்றில் ஒரு நாடித்துடிப்பை உண்டாக்குகிறது. உருகல் பிற்பகலில் உச்சம் தொடும். அந்த நீர் பனிக்குள்ளும் பாறைச் சரிவுகளிலும் இறங்கி ஓடைகள் வழியே வந்து சேரப் பல மணி நேரம் ஆகும். அதனால் சியராவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் மே மாதத்தில் மெர்சட் ஆறு நள்ளிரவை ஒட்டித்தான் பெருகும். பகலில் வருகிறவர்கள் பார்ப்பது அதன் தாழ்ந்த நிலையை.

இந்தத் தாமதம் கிட்டாமல் போன ஆண்டும் உண்டு. 2015 ஏப்ரல் 1 அன்று அதே பிலிப்ஸ் ஸ்டேஷனில் அளக்கப் பனியே இல்லை. ஆளுநர் ஜெர்ரி பிரவுன் புல்தரையில் நின்று, நகரங்கள் தண்ணீர் பயன்பாட்டை 25 விழுக்காடு குறைக்க வேண்டும் என்ற கட்டாய ஆணையை அறிவித்தார். அந்த இடத்தில் ஏப்ரல் தொடக்கத்தில் வழக்கமாக இருக்க வேண்டியது ஐந்தடிக்கு மேற்பட்ட பனி. மாநிலம் முழுவதற்கும் பனிப்பொதி சராசரியில் 5 விழுக்காடு. அதற்கு முன் இருந்த மிகக் குறைந்த அளவு 25.

மழை பொய்த்ததால் மட்டும் வந்ததல்ல இந்த 5 விழுக்காடு. அந்தக் குளிர்காலம் குளிரவே இல்லை. வந்த கொஞ்சம் ஈரமும் மலைமேல் மழையாகவே விழுந்து ஓடியது. இதே ஆண்டில் வடக்கே வாஷிங்டன் மாநிலத்தில் நடந்தது இன்னும் தெளிவான எச்சரிக்கை. அங்கே குளிர்கால மழையளவு சராசரியை ஒட்டியே இருந்தது. பனிதான் சேரவில்லை. மழைமானிகள் குறை சொல்லாத ஓர் ஆண்டில் வறட்சி அறிவிக்க வேண்டியதாயிற்று. வெப்பம் கூடிவரும் உலகில் மலைநீருக்கு என்ன ஆகும் என்று யாராவது கேட்டால், நான் முதலில் சொல்வது அந்த 2015-ஐத்தான். மழை குறையாமலே நீர் குறையலாம்.

அமெரிக்க மேற்கில் நீண்டகாலப் பதிவுள்ள அளவீட்டிடங்களைக் காலநிலை ஆய்வாளர் ஃபிலிப் மோட் குழுவினர் 2018-இல் தொகுத்துப் பார்த்தபோது, தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேற்பட்ட இடங்களில் ஏப்ரல் 1 நீர்ச்சமன் இறங்குமுகமாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து மொத்த இழப்பு 15 முதல் 30 விழுக்காடு. கொலராடோ ஆற்றின் பெரிய நீர்த்தேக்கமான மீட் ஏரியின் கொள்ளளவோடு ஒப்பிடத்தக்க நீர் அது. அதை ஈடுசெய்ய அப்படி இன்னோர் அணையைக் கட்ட இடம் எங்கும் இல்லை.

இருக்கும் அணைகளுக்கும் இது ஒரு சங்கடத்தைக் கொண்டுவருகிறது. சியராவின் அடிவார அணைகள் வெள்ளத்தைத் தடுக்கவும் வேண்டும், நீரைச் சேர்க்கவும் வேண்டும். குளிர்காலத்தில் ஒரு பகுதியைக் காலியாக வைத்திருந்து, வெள்ள அபாயம் நீங்கிய வசந்தத்தில் உருகுநீரால் நிரப்புவது அவற்றின் வழக்கம். இரண்டு வேலையும் ஒரே அணையில் நடந்ததற்குக் காரணம் மேலே பனி காத்திருந்ததுதான். அது ஜனவரியிலேயே மழையாக வந்தால், காலியிடத்தை நிரப்பக் கூடாத காலத்தில் நீர் வந்துவிடும். கடலுக்குத் திறந்துவிடத்தான் வேண்டும். 1997 புத்தாண்டில் வெப்பமான புயல் ஒன்று ஏற்கெனவே படிந்திருந்த பனியின் மேல் மழையாகக் கொட்டியது. மழையும் உருகுநீரும் சேர்ந்து இறங்கி, யோசெமிட்டிப் பள்ளத்தாக்கை இரண்டு மாதத்துக்கு மேல் மூட வைத்தன.

நிறைந்த பனியும் சுமைதான். 2023-இல் மாநிலப் பனிப்பொதி சராசரியில் 237 விழுக்காடு. விவசாயத்துக்காக வற்றவைக்கப்பட்ட துலாரே ஏரி, புயல்வெள்ளத்தாலும் பின்னர் வந்த உருகுநீராலும் அந்த ஆண்டு சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் மீண்டும் எழுந்தது. வயல்களும் பண்ணைச் சாலைகளும் நீருக்குள் போயின. கிங்ஸ், கவேயா, துலே ஆறுகளுக்குப் பழைய வழி மறக்கவில்லை.

இப்படி ஏறி இறங்கும் ஆண்டுகளில் சர்ச்சின் விழுக்காட்டு முறை தடுமாறத் தொடங்கியிருக்கிறது. பழைய உறவு மாறாது என்ற நம்பிக்கையில் நிற்பது அந்த முறை. 2021-இல் ஏப்ரல் பனிப்பொதி சராசரியில் அறுபது விழுக்காட்டை ஒட்டி இருந்தது; ஆற்றுக்கு வந்ததோ கணித்ததைவிட மிகக் குறைவு. முந்தைய வறட்சியில் காய்ந்துகிடந்த மண் உருகுநீரைக் குடித்துவிட்டது. வெப்பமான வசந்தகாலக் காற்றும் தன் பங்கை எடுத்துக்கொண்டது. அதனால் குழாயோடு வேறு கண்களும் சேர்ந்துவிட்டன. மலையில் பதித்த பனித்தலையணைகள் என்ற உணரிகள் தம்மேல் அழுத்தும் எடையை நாள்தோறும் தெரிவிக்கின்றன. நாசாவின் ஜெட் புரபல்ஷன் ஆய்வகத்தில் தாமஸ் பெயின்டர் தலைமையில் 2013-இல் தொடங்கிய வான்வழிப் பனி ஆய்வு, விமானத்திலிருந்து லேசர் கதிரை இறக்கி, பனியில்லாத கோடைத் தரையோடு ஒப்பிட்டு, வடிநிலம் முழுவதன் பனி ஆழத்தையும் வரைபடமாக்குகிறது. கூடவே பனி எவ்வளவு ஒளியைத் திருப்புகிறது என்பதையும் அளக்கிறது. முதலில் அளந்த வடிநிலங்களில் ஒன்று டுவாலமி. சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிநீர் தரும் ஹெட்ச் ஹெட்சி நீர்த்தேக்கம் அந்த ஆற்றில்தான் இருக்கிறது. ஆனாலும் லேசர் தருவது ஆழம். அதை நீராக்க அடர்த்தி வேண்டும். அந்தக் கணக்கைச் சரிபார்க்க இன்றும் ஆள் குழாயோடு ஏறுகிறார்.

பனி தந்த தாமதத்துக்கு மாற்றாகக் கலிபோர்னியா இப்போது முயல்வது நிலத்தடியை. குளிர்கால வெள்ளத்தை வயல்களிலும் தோட்டங்களிலும் பாயவிட்டு, வறண்டுபோன நீர்த்தாங்கிகளுக்குள் இறக்குகிறார்கள். நல்ல வேலை அது. இன்னும் விரைவாக நடக்க வேண்டியதும்கூட. அப்படிச் சேர்த்த நீரைக் கோடையில் இறைத்துப் பாதாமைக் காப்பாற்றலாம். ஆனால் சியராவின் ஆறுகளில் வசந்தத்தில் ஏறும் சினூக் சால்மன்கள் உருகுநீர்ப் பெருக்கோடு மேலேறி, குளிர்ந்த மடுக்களில் கோடையைக் கழித்து, இலையுதிர்காலத்தில் முட்டையிடும் வழக்கமுடையவை. அவற்றுக்கு வேண்டியது மே மாதத்தில் ஆற்றில் ஓடும் குளிர்ந்த நீர். அதை நிலத்தடிக் கிணறுகளிலிருந்து கொடுக்க முடியாது.